செருப்பைப் பார்த்து ஜோடி சேர்ந்தவர்கள்

ஆட்டம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவர்களுக்கு முட்டி வலியும் தொண்டைக் கட்டும் எப்படியும் வந்துவிடும்; அவற்றுக்குத் தைலம் இருக்கிறது, மனிதர்கள் மேல் வருகிற சலிப்புக்குத்தான் இன்னும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. தையலோ, டியூஷனோ, கார் ஓட்டப் பழக்குவதோ, உங்களில் யாராவது அடுத்தவருக்கு எதையாவது கற்றுக்கொடுத்து வயிறு வளர்த்திருந்தால் நான் சொல்வது புரியும். வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே டாக்டருக்காகக் காத்திருக்கிறவர்கள்.

நான் கெங்குவார்பட்டிக்காரி. தேனியில் ஒரு கட்டிடத்தின் மாடி ஹாலில், ஞாயிற்றுக்கிழமை காலையில், பெண்களுக்கு மட்டும் ஜோடி நடனம் சொல்லிக்கொடுக்கிறேன். சினிமாக் குத்தாட்டம் கிடையாது. இரண்டு பேர் கைகோத்து நின்று, ஒருவர் முன்னால் அடி வைத்தால் மற்றவர் பின்னால் வைக்கிற மேல்நாட்டு ஆட்டம். இந்த ஊரில் இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். இப்போது கல்யாண வரவேற்பு என்றால் குடும்பத்தில் யாராவது மேடையில் ஆடியாக வேண்டும். டாக்டர் உடம்பைக் குறைக்கச் சொன்னதால் வருகிறவர்களும் உண்டு. அடுத்த வீட்டு ஆம்பளை கையைப் பிடிக்கிற பேச்சுக்கே இடமில்லை என்பதால் பெண்ணுக்குப் பெண்தான் ஜோடி. யாருக்கு யார் ஜோடி என்பதில்தான் என் உயிர் போகிறது.

கறுத்துப் போன நகம்

ஹாலைக் கொடுக்கும்போதே சொந்தக்காரர் ஒரு நிபந்தனை போட்டார். மாடியில் அவர் வீட்டுப் பூஜையறையும் இருக்கிறது, ஆகவே செருப்பு படியேறக் கூடாது. படிக்கட்டுக்குக் கீழே மூன்று தட்டு இரும்பு ஸ்டாண்டு ஒன்றை அவரே போட்டுக்கொடுத்தார். எல்லோரும் அங்கே கழற்றிவிட்டு வெறுங்காலோடு வருவார்கள், வெறுங்காலோடு ஆடுவார்கள். ஆக, என் வகுப்பில் செருப்புக்கு வேலையே இல்லை என்றுதான் நானும் வெகுளியாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் மேலே வருகிற ஒவ்வொருத்தியும் ஆளைப் பார்ப்பதற்கு முன் ஸ்டாண்டைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறாள். விஜயா என்று ஒருவர், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவரின் மனைவி. சேர்ந்த அன்றே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கீழ தங்கக் கலர்ல ஒரு ஹீல்ஸ் கெடக்கே, அது யாரோடது? அவுகளோட என்னையப் போடுங்க" என்றார். அது கம்பத்திலிருந்து காரில் வருகிற ராஜாத்தியம்மாவுடையது. எனக்கும் வேலை மிச்சம் என்று இரண்டு பேரையும் சேர்த்துவிட்டேன்.

ராஜாத்தியம்மாவுக்குத் தாளத்தில் ஒன்று எப்போது வருகிறது, மூன்று எப்போது வருகிறது என்பது கடைசிவரை பிடிபடவில்லை. நான்கு ஞாயிற்றுக்கிழமை விடாமல் விஜயாவின் காலை மிதித்தார். நான்காவது வாரம் விஜயாவின் கட்டைவிரல் நகம் கறுத்துப் பெயர்ந்தே வந்துவிட்டது. பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டிருந்த என்னிடம் விஜயா பெருமூச்சு விட்டார்: "செருப்பு நல்ல செருப்புதேன் டீச்சர், அதுக்குள்ள இருக்குற காலுதேன் நிதானமில்லாம இருக்கு."

பையில் வந்த ஹீல்ஸ்

இதே ராஜாத்தியம்மாவுக்கு, கீழே கிடக்கிற செருப்பை யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயம். ஒரு நாள் அதை நியூஸ் பேப்பரில் சுற்றி, ஜவுளிக்கடைப் பையில் போட்டு, ஹாலுக்குள்ளேயே கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்துவிட்டார். சுற்றுகிற போதெல்லாம் உடம்பு சுற்றியது, தலை மட்டும் பை இருந்த பக்கமே நின்றது. கழுத்து பிசகிவிடும் என்று பயந்து, சொந்தக்காரர் போட்ட நிபந்தனையை ஞாபகப்படுத்தினேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை: "செருப்பு படியேறக் கூடாதுன்னுதானே சொன்னாக? அது எங்க டீச்சர் ஏறுச்சு, நாந்தானே தூக்கிட்டு வந்தேன்."

வெள்ளை ஷூ

இவர்களைச் சொல்கிறேனே, நான் மட்டும் என்ன ஒழுங்கு? இந்த ஆட்டத்தையெல்லாம் நான் கற்றது குமுளியில் ஒரு ரிசார்ட்டில். வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு முன்னால் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஆட வேண்டும். எனக்கு ஜோடியாக ஆட இரண்டு பேரைக் கூப்பிட்டு, நீயே பார்த்து ஒருவரை எடுத்துக்கொள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஒருவர் சுருளி, கோம்பைக்காரர். கேன்வாஸ் ஷூவின் முனையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மற்றவன் பாபு, அந்தப் பக்கத்து மலையாளி. காலில் பளபளவென்று வெள்ளைத் தோல் ஷூ. இரண்டு பேரோடும் ஒரு சுற்று ஆடிப் பார்த்திருக்கலாம். நான் ஆடவே இல்லை. கீழே பார்த்தேன், பாபு என்றேன். சுருளியைப் பாட்டு போடுகிற வேலையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

இரண்டாவது மாதமே அதற்குக் கூலி கிடைத்தது. விருந்தாளிகள் நிறைந்த ஒரு சாயங்காலம், வேகமாகச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து நான் அவன் கையில் சாய வேண்டும். என் குதிகால் அவன் ஷூ பக்கம் போனது. அவன் காலை இழுத்துக்கொண்டான், கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டான். நான் சிமெண்டுத் தரையில் முட்டி மடங்க விழுந்தேன். பாட்டை நிறுத்திவிட்டு ஓடிவந்து, துண்டில் ஐஸைக் கட்டி முட்டியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தது சுருளி. அவரோடு நான் ஒரு நாளாவது ஆடியிருக்கலாம் என்பது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. பாபுவோ, மிதித்துவிடாதே, ஷூ புதுசு என்று தன் பாஷையில் பதறிக்கொண்டு நின்றான்: "சேச்சி, சவிட்டல்லே, புதிய ஷூவாணு!"

ஊக்கு குத்திய ரப்பர் செருப்பு

அந்த முட்டியோடு ஊர் திரும்பி வகுப்பு ஆரம்பித்த எனக்கு, செருப்பைப் பற்றிய புத்தி வந்திருக்க வேண்டும். வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன், பேச்சியம்மா வரும்வரை.

அவர் வந்த அன்று ஸ்டாண்டின் அடித்தட்டில் ஒரு ரப்பர் செருப்பு கிடந்தது. வார் பிய்ந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது, அடியில் செம்மண் அப்பியிருந்தது. பேச்சியம்மாவும் கணவருமாக ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் பார்க்கிறார்கள். வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். மேலே வந்து நின்றவரோடு ஜோடி சேர ஒருத்தியும் முன்வரவில்லை. விஜயா ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நானே போய்க் கையைப் பிடித்தேன். எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. இந்த ஆட்டத்தில் கையைத் தோள் உயரத்தில் இறக்காமல் வைத்திருப்பதுதான் கஷ்டம், மற்றவர்களுக்கு இரண்டு நிமிடத்தில் தொங்கிவிடும். காலமெல்லாம் திராட்சைப் பந்தலுக்கு அடியில் கையைத் தூக்கியே வேலை பார்த்த பேச்சியம்மாவுக்கு இறங்கவே இல்லை. காலும் அப்படித்தான், ஒருமுறை காட்டிய அடியை மறுமுறை கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த நல்ல ஜோடி அவர்தான் என்று எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

எதற்காகக் கற்றுக்கொள்ள வந்தீர்கள் என்று கேட்டேன். மகள் கார்த்திகாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு கோயம்புத்தூர், வசதியானவர்கள். அவர்கள் வீட்டு மூத்த மகன் வரவேற்பில் மாப்பிள்ளையின் அம்மாவும் பெண்ணின் அம்மாவும் கைகோத்து ஆடினார்களாம், இந்த முறையும் அப்படியே என்று ஆசைப்படுகிறார்கள். கார்த்திகா, அம்மாவைக் கேட்காமலேயே, எங்கம்மாவுக்கு அதெல்லாம் வராது என்று சொல்லிவிட்டாள். பேச்சியம்மா சம்பந்தியம்மாவுக்கே போன் போட்டு, நானும் ஆடுறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, மறு ஞாயிறே பஸ் ஏறி என்னிடம் வந்திருக்கிறார். இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. "எம் மக மேடைக்குப் பக்கத்துல எனக்கு ஒரு சேரப் போட்டு வைக்கச் சொல்லிருக்கா டீச்சர். நான் அதுல உக்காராம இருக்கணும், அம்புட்டுத்தேன்."

கால் நுழையாத கடை

சம்பந்தியோடு ஆட வேண்டியவருக்கு என்னோடு மட்டும் ஆடிப் பழகினால் போதாது, பல கைகள் பழக வேண்டும். விஜயாவைக் கேட்டேன். "அவுக செருப்பப் பாத்தீகளா டீச்சர்" என்று காதோடு சொல்லிவிட்டு நழுவினார். அங்கேயே நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்க வேண்டும். விஜயாவைப் பகைத்துக்கொண்டால் அவரோடு வந்து சேர்ந்த நாலு பேரும் போய்விடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பதிலாகப் பேச்சியம்மாவிடம் போய், நாளைக்கு மேடையில் உங்கள் சம்பந்தி முதலில் காலைத்தான் பார்ப்பார்கள், ஒரு நல்ல செருப்பு வாங்கிவிடுங்கள் என்றேன். யோசனை சொல்கிற மகராசி நான்தான், நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நானே கூட்டிக்கொண்டு போனேன். தேனியில் இருப்பதிலேயே கண்ணாடி அதிகமாகப் பதித்த கடை. பேச்சியம்மாவின் பாதம் அகலமானது, சுண்டுவிரல் வெளியே விலகி நிற்கும். பெட்டி பெட்டியாகப் பிரித்தும் ஒன்றும் நுழையவில்லை. கடைசியில் மெரூன் கலரில், கணுக்காலைச் சுற்றி வார் வைத்து, அந்த வாருக்குச் சின்ன பக்கிள் வைத்த ஒன்று நுழைந்தது. அதுவும் விரல்களை நெருக்கிக்கொண்டுதான். அந்தக் கடையிலேயே விலை கூடிய ரகம் அது. காசை எடுக்கிறபோது அவர் முகத்தை நான் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டேன். கொஞ்சம் அகலமாக இதே மாடல் வராதா என்று கேட்டதற்கு, விற்பனையாளர் பெட்டியை மூடிக்கொண்டே சொன்னார்: "அக்கா, காலுக்குத் தகுந்தாப்ல மாடல் வர்றதில்ல, மாடலுக்குத் தகுந்தாப்லதேன் காலு இருக்கணும்."

மேல்தட்டு

அடுத்த ஞாயிறு அந்த மெரூன் செருப்பு ஸ்டாண்டின் மேல்தட்டில் ஏறியது. அது யாரோடது என்று விஜயா விசாரித்தார். பேச்சியம்மாவுடையது என்றேன். உடனே விஜயா, கார்த்திகாவின் மாப்பிள்ளை யார், எந்த ஊர், என்ன தொழில் என்று விவரமாகக் கேட்டுக்கொண்டு, வியர்வைகூட அடங்காத பேச்சியம்மாவின் கையை வாரிப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பின் விஜயாவோடும் மற்றவர்களோடும் மாறி மாறி ஆடினார் பேச்சியம்மா. போன வாரம் இருந்த அதே கால், அதே பித்தவெடிப்பு. எனக்கு உள்ளுக்குள் கசந்தது, ஆனாலும் என் யோசனை பலித்துவிட்டதென்று ஒரு பெருமையும் இருந்தது. மேலே வெறுங்கால், கீழே மேல்தட்டில் செருப்பு, இப்படியே ஆறு வாரம் ஓடியது. அதைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை ஆடிப் பாருங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. விஜயா மட்டும் ஒவ்வொரு வாரமும் அவரைச் செல்லமாகக் கோபித்துக்கொண்டார்: "மொதல்லயே சொல்லிருந்தா என்னக்கா? அன்னைக்கே நான் உங்களோட ஆடிருப்பேன்ல?"

பக்கிள்

வரவேற்பு ஒரு ஏசி மண்டபத்தில். பத்திரிகையை வீட்டுக்கே கொண்டுவந்து வைத்ததால் நானும் போனேன். பச்சைப் பட்டு, மெரூன் செருப்பு, தலை நிறையப் பூ என்று பேச்சியம்மா வாசலில் நின்று ஆட்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். நடையில் லேசான இழுப்பு இருந்தது. எட்டு மணி வாக்கில் சம்பந்திகள் ஆடப்போகிறார்கள் என்று மைக்கில் அறிவித்தார்கள். சம்பந்தியம்மா மேடையில் நின்று சிரித்த முகத்தோடு கையை நீட்டினார். பேச்சியம்மா மேடைப் படிக்கு வந்ததும், செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, வெறுங்காலோடு மேலே ஏறினார். மறுநாள் காலையில் மணவறை வரப்போகிற மேடை. போதாதற்கு என் வகுப்பு வேறு ஒவ்வொரு ஞாயிறும் அவருக்கு அதைத்தான் பழக்கியிருந்தது.

மணப்பெண் அலங்காரத்தில் நின்ற கார்த்திகா கீழே பார்த்தாள். மேடையில் இருந்த அத்தனை பேர் காலிலும் செருப்பு, அவள் அம்மா காலில் மட்டும் வெடிப்பு. வீடியோக்காரர் வேறு கீழே இருந்து பிடித்துக்கொண்டிருந்தார். அவள் அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். பேச்சியம்மா சட்டென்று திரும்பி இறங்கி வந்தார். குனிந்தால் பட்டுப்புடவை தடுக்கியது, பக்கிள் ஓட்டைக்குள் போகவில்லை. நான் ஓடிப்போய், மடங்காத முட்டியை மடக்கி உட்கார்ந்து, அந்த வாரோடு போராடினேன். நடுவில் பாட்டு ஆரம்பித்துவிட்டது. அந்த நேரத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். செருப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, போங்க, இப்படியே போய் ஆடுங்க என்று அவரைத் தள்ளிவிட்டிருக்க வேண்டும். இந்தப் பூமியில் அதைச் சொல்லும் தகுதி எனக்கு ஒருத்திக்குத்தான் இருந்தது. நானோ மண்டியிட்டுப் பக்கிள் மாட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு கால் மாட்டி மறு கால் மாட்டும்போது சம்பந்தியம்மா அங்குமிங்கும் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் சித்தி கையைப் பிடித்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், பாட்டு மூன்று நிமிடம்தான். இரண்டு பேரும் தப்பும் தவறுமாக ஆடினார்கள், கூட்டம் கை தட்டியது. பேச்சியம்மா படியில் ஒரு காலை வைத்தபடி அது முடிகிறவரை நின்றார். பிறகு யாரும் சொல்லாமலே மேடைக்குப் பக்கத்தில் போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நான் அருகில் போய் நின்றேன். அவர் கைப்பிடியைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைச் சமாதானப்படுத்தினார்: "பரவால்ல டீச்சர், நல்ல சேராத்தேன் போட்டுருக்காக. முதுகுக்குக்கூட மெத்தை வச்சிருக்கு."

ஸ்டாண்டில் மிச்சம்

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு, வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் அவர் வந்தார். காலில் பழைய ரப்பர் செருப்பு, கையில் ஒரு பெட்டி திராட்சை. இன்னொரு பையில் அந்த மெரூன் செருப்பு. கார்த்திகா நன்றாக இருக்கிறாளாம், வாரம் ஒருமுறை போன் செய்கிறாளாம். நான் செய்தது தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன், அவர் விடவில்லை. "அவளுக்கு அம்புட்டுப் பேரு முன்னால கூச்சமா இருந்துருக்கும் டீச்சர், சின்னப் புள்ளதானே" என்றார். ஒரு தடவை ஆடுவோமா என்று கையை நீட்டினேன். அவர் கையும் தன்னால் உயர்ந்தது, அதே தோள் உயரத்துக்கு, கொஞ்சமும் குறையாமல். பிறகு அவராகவே இறக்கிக்கொண்டார். பந்தலுக்கு மருந்தடிக்க ஆள் சொல்லியிருக்கிறது, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார். செருப்பை ஸ்டாண்டின் மேல்தட்டில் வைத்து, யாருக்காவது பொருந்தினால் போட்டுக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் போனபின் அந்தப் படியில் உட்கார்ந்து நான் அழுதேன்.

இன்றுவரை அது யாருக்கும் பொருந்தவில்லை. தூக்கிப் போடவும் எனக்கு மனம் வரவில்லை, வாரத்துக்கு ஒருமுறை தூசி தட்டி வைக்கிறேன். போன ஞாயிறு சின்னமனூரிலிருந்து ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். மாடியேறி வந்து மூச்சு வாங்கியவள், ஹாலில் நின்ற பத்துப் பேரில் ஒருவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் நேராக என்னிடம் வந்தாள்: "டீச்சர், கீழ மேல்தட்டுல மெரூன் கலர்ல கெடக்கே, அது யாரோடது? அவுகளோட என்னையப் போடுங்க."

இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் முட்டியைத் தேய்த்து நான் கண்டதெல்லாம், எங்கள் வகுப்பில் நன்றாக ஆடுகிற காலைவிட ஆள் வராத செருப்புக்கே கிராக்கி அதிகம் என்பதுதான்.